ஆர்டிஎக்ஸ் 3080க்குப் புதிய விசிறிகளும் பிடிஎம்7950 தாளும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

சென்னையில் கடந்த ஆண்டு ஏப்ரல் மாதப் பிற்பகல் ஒன்றில், அறையின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸாக இருந்தபோது, என் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டின் மெமரி சிப்புகள் 110 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றன. அவை அங்கே நின்றதற்குக் காரணம் உண்டு. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி கொண்ட கார்டுகள் 110 டிகிரியை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்து வெப்பத்தை அந்த எல்லைக்குள் பிடித்து வைக்கின்றன. ஆகவே நான் ஓவர்கிளாக் செய்து, அதாவது நிறுவனம் வைத்த அளவைத் தாண்டி, கூட்டியிருந்த வேகத்தை கார்டே திருப்பி எடுத்துக்கொண்டிருந்தது. விசிறிகளோ நிமிடத்துக்கு 2,700 சுற்றில் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சல் கதவை மூடினாலும் அடுத்த அறைக்குக் கேட்டது.

அதன் பிறகு நான் கார்டில் செய்த மாற்றங்கள் மூன்று. கணக்கிடும் முதன்மைச் சிப்புக்கும், அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்குக்கும் இடையே இருந்த, வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை நீக்கிவிட்டு, ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 என்னும், சூட்டில் இளகும் தாளை வைத்தேன். மெமரி சிப்புகளின் மேலிருந்த, வெப்பம் கடத்தும் மெத்தைத் துண்டுகளான தெர்மல் பேடுகளை எடுத்துவிட்டு, களிமண் போலப் பிசையக்கூடிய தெர்மல் பட்டியை இட்டேன். கார்டின் பிளாஸ்டிக் உறையையும் அதிலிருந்த மூன்று சிறு விசிறிகளையும் கழற்றிவிட்டு, ஆர்க்டிக் பி12 வகையைச் சேர்ந்த 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டைப் பொருத்தினேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் செலவானது. இவற்றை ஓராண்டு பயன்படுத்திய பின், இரண்டாவது கோடையையும் பார்த்த பின் இதை எழுதுகிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன் 'கிராபிக்ஸ் கார்டு கூலரை மாற்றுவது' என்றால் ஹீட்சிங்க்கையே முழுதாக மாற்றுவது என்றுதான் பொருள். 2013ஆம் ஆண்டு இறுதியில் வந்த ஏஎம்டி ஆர்9 290எக்ஸ் கார்டு, நிறுவனம் கொடுத்த ஒற்றை ஊதுவிசிறியோடு 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஐந்து வெப்பக்குழாய்களும் மூன்று 92 மில்லிமீட்டர் விசிறிகளும் கொண்ட ஆர்க்டிக் ஆக்செலரோ எக்ஸ்ட்ரீம் போன்ற கூலரைப் பூட்டினால் கார்டு வேறொரு கார்டாக மாறிவிடும். இன்றைய நிலைமை வேறு. 300 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும் கார்டுகளில் நிறுவனங்களே பெரிய ஹீட்சிங்க்கைத்தான் வைக்கின்றன. என் கார்டில் உலோகம் குறைவாக இல்லை. சிப்பிலிருந்து அந்த உலோகத்துக்கு வெப்பம் கடக்கும் மெல்லிய இடைவெளியும், அந்த உலோகத்திலிருந்து வெப்பத்தை அள்ளிச் செல்லும் காற்றும்தான் குறையாக இருந்தன. அதனால் ஹீட்சிங்க்கைத் தொடாமல் அதன் இரு பக்கங்களிலும் உள்ளவற்றை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஓவர்கிளாக்கிங்குக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பலர் 'சூடானால் கார்டு நின்றுவிடும்' என்ற அளவில் மட்டும் புரிந்துகொள்கிறார்கள். என்விடியா கார்டுகளில் வெப்பம் தன் வேலையை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. வெப்பநிலை ஏற ஏற, எல்லையை எட்டுவதற்குப் பல படிகள் முன்னரே, கார்டு தானாகக் கூட்டிக்கொள்ளும் பூஸ்ட் வேகம் 15 மெகாஹெர்ட்ஸ் அளவிலான சிறு படிகளாக இறங்குகிறது. இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. சூடான சிலிக்கானில் கசிவு மின்னோட்டம் அதிகம். அதே வேகத்துக்கு அதிக வாட் செலவாகும். என் கார்டின் மின்சார வரம்பு 350 வாட். அந்த 350இல் ஒரு பகுதியைக் கசிவு தின்றுவிட்டால், வேகத்துக்குக் கிடைப்பது மீதி மட்டுமே. வெப்பத்தைக் குறைப்பது அந்த வரம்புக்குள்ளேயே கூடுதல் வேகத்துக்கு இடம் உண்டாக்குவதாகும்.

அளவைப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். 2020 செப்டம்பரில் வந்த இந்தக் கார்டின் ஜிஏ102 சிப், சாம்சங்கின் 8 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. பரப்பு 628 சதுர மில்லிமீட்டர். கார்டு இழுக்கும் 350 வாட்டில் பெரும்பகுதி, பக்கத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத்திலிருந்து வெப்பமாக இடைவிடாமல் வெளியேற வேண்டும். அந்தச் சதுரத்தின் மேல் பூசியிருக்கும் பேஸ்ட், மயிரிழை தடிமனில் இருந்தாலும், வழியிலுள்ள பெரிய தடைகளில் ஒன்று.

நான் இந்தக் கார்டைப் பயன்படுத்திய நிலையில் வாங்கியவன்; உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. ஆகவே திருகின் மேல் ஒட்டியிருந்த சிறு வில்லையைக் கிழிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. உத்தரவாதம் மீதமிருப்பவர்கள் தங்கள் கார்டு நிறுவனத்தின் விதிகளை முதலில் படித்துவிட்டுத் திருப்புளியை எடுக்க வேண்டும். ஹீட்சிங்க்கைப் பிரித்தபோது பழைய பேஸ்ட் சிப்பின் நடுவில் உலர்ந்து வெளிறியும், ஓரங்களில் வழிந்து திரண்டும் கிடந்தது. இதைப் பேஸ்ட் வெளித்தள்ளப்படுதல் என்பார்கள். மூடி இல்லாத சிப், சூடாகும்போதும் ஆறும்போதும் நுண்ணிய அளவில் வளைந்து நிமிர்கிறது. ஒவ்வொரு முறையும் பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளுகிறது. தினமும் பலமுறை 40 டிகிரிக்கும் 80 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் கார்டில் சாதாரண பேஸ்ட் ஓராண்டு, ஈராண்டில் தளர்வதற்கு இதுவே காரணம்.

இனி நான் செய்த பிழை. இதை விரிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் இந்த வேலையில் இறங்கும் பெரும்பாலோர் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மெமரி சிப்புகளின் மேலிருந்த பழைய பேடுகளை வெர்னியரால் அளந்தேன், 1.3 மில்லிமீட்டர் வந்தது. அழுந்திப்போன பேடின் அளவு அது. புதிதாக இருந்தபோது அது 1.5 மில்லிமீட்டராக இருந்திருக்கும். நானோ, மெல்லியதாக இருந்து தொடாமல் போவதைவிடத் தடிமனாக இருப்பது நல்லது என்று கருதி 2 மில்லிமீட்டர் பேடுகளை வாங்கி ஒட்டினேன். அவை கெட்டியான வகை. மெமரி வெப்பநிலை 110இலிருந்து 86 டிகிரிக்கு விழுந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளின் அடுத்த வரி, சிப்பின் சராசரி வெப்பநிலை 82 என்றும், அதன் மிகச் சூடான புள்ளி 105 என்றும் காட்டியது. மாற்றத்துக்கு முன் அவை 80, 98 என இருந்தவை.

நடந்தது இதுதான். தடித்த பேடுகள் ஹீட்சிங்க்கைச் சுற்றிலும் தூக்கிப் பிடித்தன. நடுவில் சிப்பின் மேல் அது முழு அழுத்தத்தோடு அமரவில்லை. பேடு வாங்கும்போது எல்லோரும் அட்டையில் அச்சிட்ட வெப்பக்கடத்தல் எண்ணைப் பார்க்கிறோம். 12 என்றிருந்தால் 6ஐவிட இரு மடங்கு நல்லது என்று எண்ணுகிறோம். சரியான தடிமனும் எளிதில் அழுந்தும் மென்மையும் அந்த எண்ணைவிட மேலானவை என்பதை எனக்கு அந்த 23 டிகிரி இடைவெளி கற்பித்தது. சராசரிக்கும் சூடான புள்ளிக்கும் இடையிலான வேறுபாடுதான், கார்டைத் திரும்பப் பூட்டியபின் முதலில் பார்க்க வேண்டிய எண். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் மூன்று வெப்பநிலைகளும் தெரியும். அந்த வேறுபாடு 10, 12 டிகிரிக்குள் இருந்தால் அமர்வு சரி. 20ஐத் தாண்டினால் எங்கோ தொடவில்லை.

இரண்டாம் முறை பேடுகளை விட்டுவிட்டுத் தெர்மல் பட்டியை எடுத்தேன். இது சின்ன உருண்டைகளாக உருட்டி ஒவ்வொரு மெமரி சிப்பின் மேலும், மின்னழுத்தச் சுற்றின் மேலும் வைக்கப்படுவது. ஹீட்சிங்க்கை அழுத்தியதும் இருக்கும் இடைவெளிக்குத் தக்கபடி பரவி நின்றுவிடும். தடிமனைக் கணக்கிட வேண்டிய கவலையே இல்லை. கையில் ஒட்டும், துடைக்க நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் அளவு தெரியாத கார்டைத் திறக்கும் எவருக்கும் நான் பேடைப் பரிந்துரைக்க மாட்டேன், பட்டியைத்தான் சொல்வேன்.

பிடிஎம்7950 தாள் இந்த மதிப்புரையின் முதன்மையான பொருள். இது அறை வெப்பநிலையில் திடமாக, மெழுகுத்தாள் போல இருக்கும். ஏறத்தாழ 45 டிகிரியில் இளகும். இளகியபின் ஹீட்சிங்க்கின் அழுத்தத்தால் மெலிந்து பரவி, சிப்பின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பிக்கொள்ளும். ஆறும்போது மீண்டும் இறுகும். பேஸ்ட்டைப் போல வெளித்தள்ளப்படாமல் நிலைப்பது இதன் சிறப்பு. லெனோவோவின் லீஜியன் மடிக்கணினிகளில் இந்தப் பொருள் ஆலையிலேயே வைக்கப்பட்டு வந்ததால்தான் ஆர்வலர்களிடையே இதன் பெயர் பரவியது. முதல் நாளில் ஒரு நல்ல பேஸ்ட் இதற்கு ஈடு கொடுக்கும் என்றே நினைக்கிறேன். முந்நூறாவது நாளிலும் அதே அளவில் நிற்கும் ஒன்றைத்தான் நான் தேடினேன்.

வாங்குவதில் எச்சரிக்கை தேவை. நான் முதலில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் மலிவாக வாங்கிய தாள், இதே பெயரில் வந்தபோதும் சூடாக்கியபின் இளகவே இல்லை. பிரித்துப் பார்த்தபோது வெட்டிய சதுரம் வெட்டியபடியே இருந்தது. உண்மையான தாள் சில முறை சூடாகி ஆறியபின் ஓரங்களில் மெல்லிய விளிம்பாகப் பிதுங்கி நிற்கும். இரு பக்கமும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும். அதை உரிப்பதுதான் கடினம். நம் ஊர் வெயிலில் தாள் மென்மையாகி பிளாஸ்டிக்கோடு சேர்ந்து கிழியும். குளிர்சாதனப் பெட்டியில் கால் மணி நேரம் வைத்தெடுத்து, உடனே உரித்து, சிப்பைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரியதாக வெட்டி வைத்தால் கிழியாமல் வரும். சிப்பின் மேற்பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் நன்கு துடைத்திருக்க வேண்டும். நான்கு திருகுகளையும் ஒன்றுக்கொன்று எதிர்மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். முதல் நாள் அளவைப் பார்த்து ஏமாற்றம் அடையத் தேவையில்லை. எனக்கு மூன்று நாள்களில், பலமுறை சூடாகி ஆறியபின், சூடான புள்ளி மேலும் 5 டிகிரி இறங்கியது.

பட்டியும் தாளும் முடிந்த நிலையில், பழைய விசிறிகளே அதே 2,700 சுற்றில் ஓடியபோது, அறை 33 டிகிரியில் இருக்க, சிப் 71, சூடான புள்ளி 83, மெமரி 84 டிகிரி. ஓவர்கிளாக்கை மட்டும் கருதினால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பணம் குறைவாக உள்ளவர்களுக்கு என் பரிந்துரையும் இதுவே.

விசிறிகளை மாற்றியது இரைச்சலுக்காக. ஒரே விசிறியின் சுழற்சியைப் பாதியாக்கினால் அதன் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் குறையும் என்பது விசிறிப் பொறியியலில் வழக்கமான கணக்கு. கார்டோடு வரும் சிறிய, மெல்லிய விசிறிகள் போதிய காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றியே ஆக வேண்டும். 25 மில்லிமீட்டர் தடிமன் உள்ள 120 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். ஹீட்சிங்க் போன்ற நெருக்கமான தகடுகளின் வழியே காற்றைச் செலுத்த, காற்றின் அளவைவிட அழுத்தம் முக்கியம். ஆர்க்டிக் பி12 அதற்காகவே அமைந்தது: ஐந்து அகன்ற இறக்கைகள், 2.2 மில்லிமீட்டர் நீர் அளவிலான நிலை அழுத்தம், 200 முதல் 1,800 வரை சுற்று. பிஎஸ்டி என்ற பெயருள்ள வகையில் ஒரு விசிறியின் கம்பியிலேயே அடுத்த விசிறியைச் செருகலாம் என்பதால் கார்டிலுள்ள ஒரே இணைப்பிலிருந்து இரண்டையும் ஓட்ட முடிகிறது. கார்டிலுள்ள விசிறி இணைப்பு மதர்போர்டில் இருப்பதைவிடச் சிறியது. அதற்கென ஒரு சிறு மாற்றுக் கம்பி தனியாக வாங்க வேண்டும். அது கிடைக்காதவர்கள் விசிறிகளை மதர்போர்டில் செருகி, ஃபேன்கண்ட்ரோல் என்னும் மென்பொருளால் கார்டின் வெப்பநிலையைப் பின்பற்றச் செய்யலாம்.

என் ஹீட்சிங்க்கின் நீளம் 29 சென்டிமீட்டர். இரு விசிறிகள் 24 சென்டிமீட்டரை மூடுகின்றன. மூன்று வைத்தால் 36 ஆகி, கேஸின் முன்பக்க விசிறிகளில் இடிக்கும். ஆகவே இரண்டையும் சிப்பும் மெமரியும் இருக்கும் பகுதியின் மேல் வரும்படி நகர்த்தி, கடைசி ஐந்து சென்டிமீட்டரைத் திறந்தே விட்டேன். கேபிள் டை நான்கு போதும். தகடுகளின் இடையே நுழைத்து விசிறியின் மூலைத் துளைகளில் கட்டினேன். விசிறிச் சட்டம் தகட்டில் அதிராதிருக்க மூலைகளில் மெல்லிய ரப்பர் துண்டுகளை வைத்தேன். தடிமன் கூடியதால் கார்டு இப்போது மூன்றரை இடங்களைப் பிடிக்கிறது. சிறிய கேஸ் வைத்திருப்போர் அளந்து பார்த்துத்தான் தொடங்க வேண்டும். கார்டுக்குக் கீழே காற்று உள்ளே வர இரண்டு விரற்கடையாவது இடம் இல்லையென்றால் எந்த விசிறியாலும் பயனில்லை.

1,500 சுற்றில் சிப் 69, சூடான புள்ளி 80, மெமரி 82 டிகிரி. வேறுபாடு சிறிதே, ஆனால் இப்போது அறையில் கேட்பது கூரை மின்விசிறியின் ஒலி மட்டும்தான். இரவில் வீட்டார் உறங்கும்போது அதே அறையில் வேலை செய்ய முடிகிறது என்பது எனக்கு எந்த மெகாஹெர்ட்ஸையும்விடப் பெரிய வரவு.

இனி ஓவர்கிளாக். கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் சிப்புக்கு 120 மெகாஹெர்ட்ஸ் கூட்டினேன். அரை மணி நேரத் தொடர் சோதனையின் இறுதியில், முன்பு 1,800க்கும் கீழே இறங்கிவந்த வேகம் இப்போது 1,935க்கும் 1,950க்கும் இடையே அசையாமல் நின்றது. 135 கூட்டியபோது சோதனை பாதியில் முறிந்தது. அந்தச் சிப்பின் இயல்பான எல்லை அது. அதற்குமேல் எவ்வளவு குளிர்வித்தாலும் பெரிதாக நகராது. நல்ல கூலர் வாங்கினால் 2,100 கிடைக்கும் என்று நம்பிப் பணம் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மெமரியில் ஒரு நுட்பம் உண்டு. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, தரவு கடக்கும்போது பிழை நேர்ந்தால் அதைக் கண்டறிந்து மறுமுறை அனுப்புகிறது. அதனால் அளவுக்கு மீறி ஓவர்கிளாக் செய்தாலும் திரையில் புள்ளிகளோ, முடக்கமோ உடனே தெரிவதில்லை. மறுமுறை அனுப்புவதிலேயே நேரம் போய், வேகம் சத்தமின்றிக் குறைகிறது. நான் 1,000 மெகாஹெர்ட்ஸ் கூட்டியபோது எதுவும் முறியவில்லை. ஆனால் சோதனை மென்பொருள் தந்த மதிப்பெண் 750இல் கிடைத்ததைவிடக் குறைந்தது. 'முறியவில்லை, ஆகவே நிலையானது' என்ற பழைய விதி இங்கே செல்லாது. 250, 500, 750 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு, அது இறங்கத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிற்க வேண்டும். என் கார்டில் அது 750. அதாவது மெமரியின் ஒவ்வோர் இணைப்புக் கம்பியிலும் நொடிக்கு 19 கிகாபிட் என்பது 20.5 ஆனது. பழைய குளிர்விப்பில் 500 வைத்தபோதே 110 டிகிரியில் முட்டிக்கொண்டிருந்தது.

இரண்டும் சேர்ந்து, கார்டின் வேகத்தை அளக்கும் 3டிமார்க் டைம் ஸ்பை சோதனையில் கிராபிக்ஸ் மதிப்பெண் 17,560இலிருந்து 18,650க்கு ஏறியது; ஆறு விழுக்காடு. வெறும் ஆறுக்கா இவ்வளவு உழைப்பு என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. ஓவர்கிளாக்கின் பெயரால் தொடங்கினாலும், ஆண்டின் எட்டு மாதங்கள் நான் பயன்படுத்துவது வேறோர் அமைப்பு: 0.893 வோல்ட்டில் 1,905 மெகாஹெர்ட்ஸ். சிப் இழுக்கும் மின்திறன், வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது; மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்தாலே வாட் கணிசமாகக் குறையும். இந்த அமைப்பில் கார்டு 290 வாட் அளவில் நிற்கிறது. வேகத்தில் இழப்பு இரண்டு விழுக்காடு. முழு ஓவர்கிளாக்கை அறை 26 டிகிரிக்கு இறங்கும் டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஒதுக்கிவிட்டேன். கூலர் எதுவாயினும் அறையின் வெப்பநிலைக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் கணக்கு. அறை ஏழு டிகிரி சூடானால் சிப்பும் கிட்டத்தட்ட ஏழு டிகிரி ஏறும். குளிர்நாட்டில் இருப்பவர்கள் வெளியிடும் அளவுகளை நாம் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

மற்ற வழிகளையும் எண்ணிப் பார்த்தேன். திரவ உலோகம் பேஸ்ட்டைவிட நன்றாகக் கடத்தும்; ஆர்டிஎக்ஸ் 5090 நிறுவனப் பதிப்பில் என்விடியாவே அதைத்தான் வைக்கிறது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். வீட்டு மேசையில் செய்யும் ஒருவருக்கு அந்த ஆபத்து தகாது. சிபியுவுக்கான நீர்க்குளிர்விப்பானைக் கார்டில் மாட்ட உதவும் என்இசட்எக்ஸ்டி கிராக்கன் ஜி12 போன்ற தாங்கிகள் சிப்பை அருமையாகக் குளிர்விக்கும்; மெமரிக்கு ஒரு 92 மில்லிமீட்டர் விசிறியின் காற்று மட்டுமே. மெமரியே முதலில் கொதிக்கும் இந்தத் தலைமுறைக் கார்டுக்கு அது தலைகீழான தீர்வு. உள்ளே நீர் ஓடி, முழுக் கார்டையும் மூடும் உலோகக் கட்டியான வாட்டர் பிளாக் எல்லாவற்றையும்விடச் சிறந்தது, ஐயமில்லை. ஆனால் பம்பு, ரேடியேட்டர், குழாய் என்று சேரும் செலவைப் பயன்படுத்திய ஒரு கார்டின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

ஓராண்டில் இரண்டு முறை தகடுகளின் தூசியை ஊதி எடுத்தேன். உறை இல்லாததால் விசிறிகளைக் கழற்றாமலே தூரிகை போகிறது. இந்த மே மாதம், அறை 34 டிகிரியில், பழைய முழு ஓவர்கிளாக்கை மறுபடி ஏற்றி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். சிப் 70, சூடான புள்ளி 81, மெமரி 83. முதல் வாரத்தில் 11ஆக இருந்த வேறுபாடு இன்றும் 11தான்.